குட்டியானையில் ஒரு குடித்தனம்

சகலையை நான் கடைசியா உசுரோட பார்த்தப்ப அவன் முகத்தைப் பார்க்கலீங்க. காலைத்தான் பார்த்தேன். இந்த வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்திருந்தான். கால் ரெண்டு மட்டும் வெளியே நீட்டிட்டு இருந்துச்சு. அதுல இடது கால்ல இத்தாம்பெரிய கட்டு. "பதினாறு பதினேழு ஸ்பானரை எடுங் சகலை"ன்னான். எடுத்துக் குடுத்தேன். கை மட்டும் வந்து வாங்கிட்டுப் போச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான் கிளம்பிட்டேன். ஒன்பதாம் நாள் டீக்கடையில டீ சொல்லிட்டு பெஞ்சுல உட்கார்ந்தவன், டீ வர்றதுக்குள்ள போயிட்டான். அன்னைக்கு ஒருக்கா குனிஞ்சு முகத்தைப் பார்த்திருக்கலாம். யாரு கண்டா.

அந்தக் கட்டு இருக்குதுங்களே, அது யானைக்குட்டிக்குப் போடறதுக்குக் கொண்டு வந்த துணி. விளையாட்டுக்குச் சொல்லலீங்க. சொல்றேன், உட்காருங்க. அந்தக் கேன் மேலயே உட்காரலாம், தாங்கும். அம்மா கார்ல இருந்து இறங்க மாட்டேங்கறாங்களா? பரவால்ல, கண்ணாடியை இறக்கி விட்டுக்கச் சொல்லுங்க. காத்து வரும்.

நீங்க பேங்க்குல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆயிட்டீங்க. பிக்கப் வண்டி ஒண்ணு புக் பண்ணியிருக்கீங்க. அதுல என்னென்ன மாட்டினா காட்டுல போய் நாலு நாள் தங்கலாம்னு கேட்டுட்டு வந்திருக்கீங்க. கேம்பிங். நாங்க அதை வேலைம்போம். நீங்க லீவுங்கறீங்க. எப்படியோ, மாட்டற சாமான் ஒண்ணுதான். ஆனா என்ன மாட்டணும்னு நான் சொல்ல மாட்டேனுங்க. என்ன மாட்டக் கூடாதுன்னு சொல்றேன். அதுக்குத்தான் எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

நான் சோலார் வேலி மெக்கானிக்குங்க. மலை மேல தோட்டங்காடுகளுக்கு யானை வராம இருக்கக் கம்பி வேலி போட்டிருப்பாங்க. மேல ஒரு பேனல், கீழ ஒரு பேட்டரி, நடுவுல ஒரு மிஷின். யானை தொட்டா சுளீர்னு அடிக்கும், சாகாது. மிஷின் கெட்டா போன் வரும். நான் சத்தியமங்கலத்துல இருந்து மேல போகணும். மலைப்பாதையில இருபத்தேழு வளைவு. பொழுது சாஞ்சா செக்போஸ்ட் கேட்டை அடைச்சிருவாங்க. ஒரு மிஷினைப் பார்த்துட்டு இன்னொண்ணைப் பார்க்கறதுக்குள்ள கீழ ஓடணும். ஒரு ஸ்க்ரூ மறந்துட்டுப் போனா அதுக்கு ஒரு நாள் போச்சு. அதனால, மேலயே ஒரு வாரம் இருக்கற மாதிரி ஒரு வண்டி கட்டணும்னு முடிவு பண்ணினேன். எந்தச் சாமானுக்கும் கீழ வரக் கூடாது. அதுதானுங்க என் திட்டம். தொழிலுக்காகத்தான்.

மயிலாத்தா போயி ரெண்டாம் மாசம் இந்தக் குட்டியானை லோடு வண்டியை வாங்கினேன். மயிலாத்தா என் சம்சாரம். அவளுக்குத் தங்கச்சி பாப்பாத்தி. பாப்பாத்தி வீட்டுக்காரன்தான் சகலை, நாச்சிமுத்து. வெல்டிங் பட்டறை வெச்சிருந்தான். என்னைவிட நாலு வயசு சின்னவன். வாய்க்கு வாய் 'ங்க' போடுவான், ஆனா ஒவ்வொண்ணும் செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும். "உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுங் சகலை"ம்பான். அவ்வளவு மரியாதை.

முதல்ல எல்லாம் சரியாத்தானுங்க போச்சு. ஆங்கிள் வெச்சு மேலே கூண்டு அடிச்சுக் குடுத்தான். கூரையில பேனல். பேட்டரி ரெண்டையும் கீழே, கேபினை ஒட்டி வெச்சு பெல்ட் போட்டுக் கட்டினான். தண்ணிக் கேனும் முன்னாலதான். "கனமான சாமான் கீழயும் முன்னாலயும் இருக்கணுங் சகலை. பின்னால கனத்தை வெச்சா ஏத்தத்துல முன்சக்கரம் தரையைத் தொடாது"ன்னான். இதை எழுதிக்கங்க. இது ஒண்ணுதான் இந்தக் கதையில உங்களுக்கு உபயோகமானது. அப்பறம் படுக்கப் பலகை, டூல்ஸ் பெட்டி, மேலுக்குத் தார்ப்பாய். "முடிஞ்சுதுங் சகலை, கிளம்புங்க"ன்னான்.

எங்க முடிஞ்சுது? சோறு வேண்டாமா? ஸ்டவ்வும் சின்ன சிலிண்டரும் வெச்சேன். சரின்னான். மலையில ஓட்டல் இட்லி எனக்கு ஒத்துக்காது. வீட்டுல கிரைண்டர் சும்மாதானே கிடக்குதுன்னு கொண்டு வந்து வெச்சேன். இன்வெர்ட்டர்ல மாட்டினா 'கீ கீ'ன்னு கத்திட்டு அணைஞ்சு போச்சு. சகலை சிரிச்சான். இறக்கிருங்கன்னான். நான் இறக்கலை. ரிப்பேர் பண்ணிக்கலாம், இருக்கட்டும்னு விட்டுட்டு, அதுவரைக்கும் சட்னிக்கு ஆகும்னு அம்மிக்கல்லைத் தூக்கி வெச்சேன்.

"அம்மிக்கல்லா?"ன்னான்.

"கரண்டே வேண்டாம் பாரு. காட்டு வேலைக்கு இதைவிட வேறென்ன வேணும்?"

"வேலிக்காரன் வண்டியில அம்மிக்கல். யானை வந்தா சட்னி அரைச்சு ஊத்துவீங்களாட்ட இருக்குது."

அப்பறம் அஞ்சறைப்பெட்டி. சுவர்க்கடிகாரம், ஏன்னா மலையில போன் சார்ஜ் தீர்ந்துட்டா நேரம் தெரியாது. சாமி படம் வெக்கற பலகை. முறம். முறம் எதுக்குன்னு கேட்டான். காத்து வீசிக்கன்னேன். "பேன் வெச்சிருக்கீங்களே"ன்னான். கரண்டை மிச்சம் பண்ணணுமில்லைங்களா? நூறு கிலோ புடிக்கற அரிசி டிரம் பின்னால இடம் பத்தாம முன்சீட்டுல உட்கார்ந்திருந்துச்சு. பெல்ட் போட்டு விட்டிருந்தேன்.

ஒரு நாள் வண்டியைச் சுத்தி வந்து பார்த்தான். பின்சக்கரம் ரெண்டும் அமுங்கி உட்கார்ந்திருக்குது. முன்பக்கம் தலையைத் தூக்கிட்டு நிக்குது.

"சகலை, வண்டி கட்டறீங்களா, குடி போறீங்களா?"

"தொழில்னா நாலு சாமான் வேணும்."

"வீட்டுல என்ன மிச்சமிருக்குது?"

"சுவரு."

அவன் சிரிக்கலை. பின்சக்கரத்தை ஒருக்கா உதைச்சுப் பார்த்தான். அப்பறம் சொன்னான்: "ஒரு பந்தயம். நானும் ஒரு நடை கூட வர்றேன். வண்டி எங்கயும் மாட்டாம மேல போய்க் கீழ வந்துருச்சுன்னா இனி நான் வாயே திறக்கறதில்லை. மாட்டுச்சுன்னா, வேலைக்கு ஆகாத சாமான் அத்தனையும் வீட்டுக்குப் போயிரணும். நீங்களும் வீட்டுல போய்ப் படுக்கணும்."

சரின்னுட்டேன். ஆனா வீட்டுல படுக்கணும்ங்கறதுதான் இடிச்சுதுங்க. ஏன்னா வீட்டுல எனக்குத் தூக்கம் வர்றதில்லை. கொசு. எங்க தெருவுல கொசு ஜாஸ்தி. மயிலாத்தா இருந்தப்ப அவ்வளவு இல்லீங்க. அதுக்கப்பறம்தான் இப்படி.

அந்த நடையில இருபத்தேழு வளைவும் வண்டி ஏறிருச்சு. முக்கிட்டு முனகிட்டு ஏறிருச்சு. முன்சீட்டுல அரிசி டிரம் இருந்ததால சகலை பின்னால படுக்கப் பலகையில உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வளைவுலயும் உள்ள இருந்து சத்தம் வரும். "சகலை! முறம் தலையில விழுந்துச்சு!" அடுத்த வளைவு. "சகலை! சாமி மடியில வந்து உட்கார்ந்துருச்சு!" நான் ஜன்னல் வழியா, "கும்பிட்டுக்க"ம்பேன்.

மேல போயி, மாதப்பா தோட்டத்துக்கு மண்ரோட்டுல திரும்பினோம். மாதப்பா எங்க பழைய கஸ்டமர், கன்னடம் பேசறவரு, தமிழும் பேசுவாரு. அவர் தோட்டத்து வேலிதான் கெட்டிருந்துச்சு. தோட்டத்துக்கு முன்னால நாலு கிலோமீட்டர்ல ஒரு ஏத்தம். ஏத்தத்துக்கு ஓரமாவே யானை அகழி. யானை ஊருக்குள்ள வராம இருக்க வெட்டின பள்ளம், ஒண்ணரை ஆள் ஆழம் இருக்கும். ஏத்தத்துல பாதி போனதும் ஸ்டியரிங்கைத் திருப்பறேன், வண்டி திரும்பலை. திருப்பறேன், திரும்பலை. முன்சக்கரம் தரையில இருந்தாத்தானுங்களே திரும்பறதுக்கு! மெதுவா, ரொம்ப மெதுவா, பின்னாலயே போச்சு. பின்பக்கம் அகழிக்குள்ள இறங்கி, முன்னங்கால் ரெண்டையும் மேலே தூக்கிட்டு நின்னுருச்சு.

ஒரு சத்தமும் இல்லை. அப்பறம் உள்ள இருந்து சகலை குரல்: "பந்தயத்துல நான் ஜெயிச்சுட்டேனுங் சகலை. ஆனா கால் மேல அம்மிக்கல் இருக்குது."

இறங்கிப் போயி அம்மியைப் புரட்டி அவனை வெளியில இழுத்தேன். பாதம் பூசணிக்காயாட்ட வீங்கிக்கிச்சு. கட்டறதுக்குத் துணி வேணுமில்லைங்களா? என் வேட்டியை அவுத்துக் கிழிச்சுக் கட்டினேன். துண்டை இடுப்புல சுத்திக்கிட்டேன். அவனைக் கரையில உட்கார வெச்சேன். ஒரு எட்டு வைக்க முடியலை. சுத்தி ஆள் இல்லை. அது யானை தண்ணிக்குப் போற தடம். மூணு மணி ஆயிருச்சு. அஞ்சுக்கெல்லாம் இறங்க ஆரம்பிக்கும். அவனை முதுகுல தூக்கிட்டு நாலு கிலோமீட்டர் என்னால முடியாது. விட்டுட்டுப் போகவும் முடியாது.

ஒரு பாறை மேல ஏறினேன். போன்ல ஒரு கோடு தெரிஞ்சுது. மாதப்பாவுக்கு அடிச்சேன். "மாதப்பா! குட்டியானை அகழியில விழுந்துருச்சு! கால்ல அடி! நடக்க முடியலை! ஏத்தத்துக்குப் பக்கத்துல! சீக்கிரம் ஆளைக் கூட்டிட்டு வாங்க!" அவ்வளவுதான், கட் ஆயிருச்சு.

ஒரு மணி நேரம் ஆகலீங்க. அப்படி ஒரு படை வரும்னு நான் நினைக்கவே இல்லை. ரெண்டு ஜீப்பு. ஒரு ஜேசிபி. பின்னால டிராக்டர்ல கரும்புக் கட்டு. ஒரு டாக்டரம்மா. பட்டாசு வெச்சுக்கிட்டு பத்து ஆளுங்க. சகலையைப் பார்த்து, "பார்த்தியா, எனக்கு மலையில இருக்கற மரியாதையை"ன்னேன். ஆனா வண்டியெல்லாம் தூரத்துலயே நின்னுருச்சு. பாரஸ்ட் ரேஞ்சரு ஒருத்தர் மட்டும் குனிஞ்சு குனிஞ்சு, மரம் மரமா மறைஞ்சு என்கிட்ட வந்தாரு. துண்டோட நின்ன என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. காதோட காதா கேட்டாரு.

"தாய் எங்க இருக்கு?"

எனக்கு ஒண்ணும் புரியலை. பெரியவங்க கேட்டா பதில் சொல்லணுமில்லைங்களா? "பெருந்துறையில, தம்பி வீட்டுல இருக்குதுங்க"ன்னேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு. "குட்டிக்கு என்ன வயசிருக்கும்?"

"மூணு வருசங்க. நான் செகண்ட் ஹேண்டுல எடுத்தது."

"எடுத்ததா? யார்கிட்ட எடுத்தே?"

"கோபியில, ஒரு முட்டை வியாபாரிகிட்ட."

ரேஞ்சரு என் கையை கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. கரையில உட்கார்ந்திருந்த சகலைதான் அழுதுட்டுச் சிரிக்கறான், சிரிச்சுட்டு அழறான். "சார், சார், அது டீசல் குடிக்கற குட்டிங் சார்!"

ரேஞ்சரு எட்டிப் பார்த்தாரு. அகழியில வண்டி முன்னங்கால் ரெண்டையும் தூக்கிட்டு நிக்குது. அவர் என்னென்ன சொன்னாருன்னு அம்மா கார்ல இருக்கறப்ப சொல்ல முடியாதுங்க. பாவம், அவர் மேல தப்பில்லை. வண்டின்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா வந்திருக்காது இந்தப் படை. மாதப்பா மட்டும் சைக்கிள்ல வந்திருப்பாரு.

யானைக்கு வைத்தியம் பார்க்கற அந்த டாக்டரம்மாதான் நல்ல மனுசி. வந்ததுக்கு ஒரு வைத்தியமாவது பார்க்கறேன்னு சகலை காலைப் புடிச்சுப் பார்த்தாங்க. எலும்பு முறியலைன்னாங்க. குட்டிக்குன்னு கொண்டு வந்த துணி போர்வை அகலம் இருந்துச்சு. அதையே சுத்தி விட்டாங்க. சகலை கரும்புக் கட்டு மேல சாஞ்சுக்கிட்டு ஒரு கரும்பை ஒடிச்சுக் கடிச்சான். "டாக்டரம்மா, எனக்கு மாவுத்தன் யாருங்க?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. ரேஞ்சருகூடச் சிரிச்சுட்டாரு.

வண்டியைத் தூக்கணும்னா சாமானை இறக்கணும். காட்டுக்குள்ள இறக்கற சாமானை எழுதி வெக்கணும்னாரு ரேஞ்சரு. பாரஸ்ட் வாட்சர் ஒருத்தர் உள்ள இறங்கி ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துக் கூவறாரு. ரேஞ்சரு ஜீப் பேனட் மேல பேப்பரை வெச்சு எழுதறாரு. கூட்டமே நின்னு கேட்குது.

"அம்மிக்கல் ஒண்ணு!"

"அம்மிக்கல்லா?"

"குழவியோட!"

"கிரைண்டர் ஒண்ணு! முறம் ஒண்ணு! கடிகாரம் ஒண்ணு, ஓடலை! அஞ்சறைப்பெட்டி ஒண்ணு, கடுகு கொட்டிருச்சு! இடியாப்ப உழக்கு ஒண்ணு!"

"யோவ், நீ வேலி ரிப்பேருக்கு வந்தியா, மாப்பிள்ளை விருந்துக்கு வந்தியா?"ன்னாரு ரேஞ்சரு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்குது.

கடைசியா ஒரு தகரப்பெட்டி. வாட்சர் திறந்து பார்த்தாரு. சத்தமா ஆரம்பிச்சவரு, பாதியில குரலைக் குறைச்சுட்டாரு.

"பொம்பளைச் சேலை... ஏழு."

ரேஞ்சரு தலையைத் தூக்கினாரு. "சேலை எதுக்குய்யா?"

"கை துடைக்கறதுக்குங்க"ன்னேன். "கிரீஸ் வேலை. துணி நிறைய வேணும்."

வாட்சர் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பார்த்தாரு. இஸ்திரி மடிப்பு. நடுவுல அந்துருண்டை. ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. அவர் விட்டிருக்கலாம். விடலை. "ஏங்க, ஏழு துணி பெட்டியில இருக்கறப்ப வேட்டியை எதுக்குக் கிழிச்சீங்க?"ன்னாரு.

அவசரத்துல தோணலைங்க. அவ்வளவுதான். அவசரத்துல யாருக்கு என்ன தோணும்? அதையே சொன்னேன். துண்டோட நிக்கறது அப்பத்தான் எனக்கு வெக்கமா இருந்துச்சு.

சகலை கரும்பைக் கீழ வெச்சான். வாட்சர் கையில இருந்த அந்தச் சேலையை அவனுக்குத் தெரியும். அவன் மக கல்யாணத்துல மயிலாத்தா கட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்க்கலை. ரேஞ்சரைப் பார்த்துச் சொன்னான்:

"எழுதுங் சார். துடைக்கிற துணி ஏழு."

ரேஞ்சரு கொஞ்சம் யோசிச்சாரு. அப்பறம் அப்படியே எழுதினாரு. வாட்சர் மடிப்புக் கலையாம உள்ள வெச்சு மூடினாரு.

அன்னைக்கு ஜேசிபி வண்டியைத் தூக்கி விட்டுச்சு. சாமானை மாதப்பா டிராக்டர்ல ஏத்திட்டுப் போயி அவர் ஷெட்டுல வெச்சோம். மறுநாள் நான் வேலியைச் சரி பண்ணினேன். சாமானை எல்லாம் பழையபடி வண்டியில ஏத்தினேன். பந்தயத்துல ஜெயிச்சவன் தடுக்கணுமா இல்லையா? வாயே திறக்கலீங்க. கீழ இறங்கற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. முறம் தலையில விழுந்தப்பகூட இல்லை. வண்டி மாட்டினாலும் என் திட்டம் சரிதான்னு அவனுக்கு அப்பப் புரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். அதுக்கடுத்த வாரம், நான் கேட்காமலே, நொண்டிட்டு வந்து வண்டிக்கு அடியில படுத்து ஸ்பிரிங் பட்டை ரெண்டு கூடுதலாப் போட்டுக் குடுத்தான். இன்னும் கனம் ஏத்தலாம்னுதானுங்களே அதுக்கு அர்த்தம்? வேறென்ன இருக்க முடியும்.

அவன் போன அன்னைக்குப் பாப்பாத்திக்குக் கோடி போடணும். பொறந்த வீட்டுச் சேலை. அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. அக்கா வீட்டுல இருந்துதான் வரணும். யாரோ ஜவுளிக்கடைக்கு ஓடறேன்னாங்க. இருன்னு சொல்லிட்டு வண்டிக்குப் போயி பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்தேன். மயிலாத்தா ஒரு தீபாவளிக்கு எடுத்து வெச்சது, கட்டவே இல்லை. அந்தத் தீபாவளி அவளுக்கு வரலை. பாப்பாத்தி வாங்கி மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டா. அதுவரைக்கும் அவ அழுகலீங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் ரேஞ்சரு குடுத்த அந்த லிஸ்ட் காகிதத்தை எடுத்தேன். கேட்கறதுக்கு ஆள் இல்லைங்கறதுக்காகப் பந்தயம் பந்தயமில்லாமப் போயிருமா? அம்மிக்கல்லை இறக்கினேன். ஒரு கோடு போட்டேன். கிரைண்டர், கோடு. முறம், கடிகாரம், டிரம், எல்லாம் வீட்டுல அதது இருந்த இடத்துல. நானும் வாரத்துல மூணு நாள் வீட்டுலதான் படுக்கறேன். கொசு இருக்குது. ஆனா படுக்கறேன்.

கடைசி வரிக்கு வந்தப்ப பேனாவை மூடிட்டேன். அது வேலைச் சாமான்னு சகலையே சொல்லி ரேஞ்சரு எழுதினதுங்க. பந்தயத்துல சேராது.

அட, வாங்கம்மா, வாங்க. இறங்கிட்டீங்களா. பார்த்து, கம்பி நீட்டிட்டு இருக்குது. இதா? இது பேட்டரி, இது ஸ்டவ், இது டூல்ஸ். அந்தப் பெட்டியா? துடைக்கிற துணிங்கம்மா. ஆறு இருக்குது.